கவரை யார் கொண்டுபோனது? சத்யம் கணக்கும் அதற்குப் பிந்தைய ஆடிட்டர் வேலையும்

சிஏ படிப்பில் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிளாகச் சேர்ந்த முதல் வருஷம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆடிட்டுக்குப் போயிருந்தேன். மார்ச் 31 அன்று கம்பெனியின் கணக்கில் எவ்வளவு இருப்பு என்று வங்கியைக் கேட்கும் கடிதம் என் கையில் இருந்தது. கம்பெனி லெட்டர்பேடில், முதலாளியின் கையெழுத்தோடு, ‘பதிலை நேரடியாக எங்கள் ஆடிட்டருக்கு அனுப்பவும்’ என்று அச்சடித்த கடிதம். கவரும் தபால்தலையும் தயார். கணக்கு பார்க்கும் பெரியவர் தடுத்துவிட்டார். “எதுக்குங்க தம்பி தபாலு? குடுங்க, பேங்க் மேனேஜர் நம்மாளுதான். சாயங்காலத்துக்குள்ள நானே வாங்கியாந்துடறேன்.”

கொடுத்துவிட்டேன். சொன்னபடியே சாயங்காலம் வட்ட சீலோடு பதில் வந்தது. தொகை பைசா சுத்தமாகப் பொருந்தியது. பச்சை மையில் டிக் அடித்து ஃபைலில் கோத்தேன். சீனியர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர் நாணயமானவர். அந்தப் பதிலும் உண்மையானதுதான், பிறகு சரிபார்த்தோம். இருந்தாலும் அன்றைக்கு நான் டிக் அடித்தது வங்கி சொன்னதற்கு இல்லை, பெரியவர் கொண்டுவந்து கொடுத்த தாளுக்கு. இது எனக்கு உறைக்க 2009 ஜனவரி வரவேண்டியிருந்தது.

ஜனவரி 7

ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் அப்போது நாட்டின் பெரிய ஐடி கம்பெனிகளில் நான்காவது என்று எண்ணப்பட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஊழியர்கள், நியூயார்க் சந்தையிலும் பட்டியல். நல்ல நிர்வாகத்துக்கான தங்க மயில் விருதை 2008இல் வாங்கிய நிறுவனம். (பிறகு திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.)

2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பங்குச் சந்தைகளுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் செபிக்கும் நகல் போனது. 2008 செப்டம்பர் 30 தேதியிட்ட பேலன்ஸ் ஷீட்டில், அதாவது சொத்தையும் கடனையும் இரண்டு பக்கமாகக் காட்டும் கணக்கில், என்னென்ன பொய் என்று அவரே வரிசையாக எழுதியிருந்தார். வங்கி இருப்பும் ரொக்கமும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியதில் 5,040 கோடி கிடையவே கிடையாது. சேர்ந்திருப்பதாகக் காட்டிய வட்டி 376 கோடி, அதுவும் இல்லை. கணக்கில் காட்டாமல் விட்ட கடன் பொறுப்பு 1,230 கோடி. வரவேண்டிய பாக்கியில் ஊதிப் பெருக்கியது 490 கோடி. கூட்டினால் 7,136 கோடி. முதல் நாள் 179 ரூபாய்க்கு முடிந்திருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்து நின்றது.

புலிமேல் சவாரி செய்வதுபோல இருந்தது, அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தார். நம் ஊரில் இதைப் புலிவாலைப் பிடித்த கதை என்போம். பத்திரிகைகள் எல்லாம் அந்தப் புலியைப் பிடித்துக்கொண்டன. எங்கள் ஆபீசில் நாங்கள் கால்குலேட்டரை எடுத்தது வேறொரு பத்திக்காக.

அந்த செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மையில் வந்தது 2,112 கோடி. காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, உண்மை 61 கோடி. இரண்டு கழித்தலையும் போட்டுப் பாருங்கள். வருமானத்தில் பொய் 588, லாபத்தில் பொய் 588. வங்கி இருப்பு எவ்வளவு பொய்யாகக் கூடியது என்றும் கடிதம் சொல்கிறது: அதுவும் 588.

மூன்றும் ஒன்றாக வருவதில் வியப்பில்லை. இல்லாத விற்பனைக்குச் செலவு கிடையாது, ஆகவே அது முழுதும் லாபமாகிவிடும். அந்த லாபம் பேலன்ஸ் ஷீட்டில் எங்காவது போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக நிற்காது. எங்கே உட்கார வைப்பது? சரக்கு இருப்பில் வைக்கலாமென்றால் ஐடி கம்பெனிக்குக் கிடங்கு இல்லை. கட்டடம், இயந்திரம் என்றால் யாராவது போய்ப் பார்த்துவிடுவார்கள். வாடிக்கையாளர் பாக்கியில் வைத்தால், ஆறு மாதம் தாண்டியதும் ‘ஏன் இன்னும் வசூலாகவில்லை?’ என்று கேள்வி வரும். வசூலாகிவிட்டது, வங்கியில் கிடக்கிறது என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்தது. ஒரே ஓர் ஆள் உண்மையைச் சொல்லிவிட முடியும், வங்கிக்காரர். அவர் வாயிலிருந்து பதில் நேராக ஆடிட்டருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் பொய்க்குக் குட்டி பிறக்கத்தான் செய்யும். வைப்புத்தொகை என்று காட்டினால் அதற்கு வட்டி வரவேண்டும். அந்த 376 கோடி இப்படி வந்ததுதான். வட்டி வந்தால் வங்கி அதிலேயே வரியை (டிடிஎஸ்) பிடித்துச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும். வரிக்கணக்கு பார்க்கும் எந்தப் பையனும் கேட்கிற கேள்வி இது.

எஸ், எச்

இல்லாத விற்பனையை உள்ளே நுழைத்த விதம் தனிப் பாடம். சத்யத்தில் ஒரு இன்வாய்ஸ் உருவாகுமுன் பல படிகள் தாண்ட வேண்டும். முதலில் புராஜெக்டுக்கு ஓர் எண், பிறகு அதில் வேலை பார்த்த பொறியாளர்களின் மணிநேரப் பதிவு, அதை வைத்துப் பில், கடைசியில்தான் இன்வாய்ஸ் போடும் மென்பொருள். ஒவ்வொரு படிக்கும் தனி மென்பொருள். அவசரத்துக்கென்று ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார்கள், எக்செல் தாளிலிருந்து நேராகக் கடைசிப் படியில் ஏற்றிவிடலாம். சூப்பர் யூசர் அனுமதி உள்ளவர்கள் அந்த வழியாகத்தான் பொய் இன்வாய்ஸ்களை ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு: எஸ் என்று போட்டால் எல்லோர் கண்ணிலும் படும், எச் என்று போட்டால் மறைந்துவிடும். மறைக்காவிட்டால் அந்தந்தப் பிரிவின் தலைவர் பார்த்துவிட்டு ‘இந்த வாடிக்கையாளருக்கு நாம் இப்படி ஒரு வேலையே செய்யவில்லையே’ என்று கேட்டிருப்பார். இப்படி 2003 முதல் 2008 வரை நுழைந்தவை 7,561 என்று சிபிஐ எண்ணிச் சொன்னது.

மேலிருந்து கீழே பார்த்தால் எதுவும் தெரியாது. இன்வாய்ஸ் இருக்கிறது, லெட்ஜரில் பதிவு இருக்கிறது, மொத்தம் நிற்கிறது. கீழிருந்து மேலே போனால், அதாவது ஒரு இன்வாய்ஸைக் கையில் எடுத்து ‘இதற்கு வேலை பார்த்தது யார், எந்த வாரம், எத்தனை மணிநேரம்?’ என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், இரண்டாவது படியிலேயே சுவர் வந்துவிடும். வவுச்சிங், அதாவது பதிவுக்குத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பது, என்ற பெயரில் நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் முன்னோக்கிய பயணம்தான். தாள் இருக்கிறதா, டிக். கூட்டல் சரியா, டிக்.

கடைசி முயற்சி மேட்டாஸ். ஆங்கிலத்தில் சத்யத்தைத் திருப்பிப் படித்தால் வரும் பெயர், ராஜு குடும்பத்தின் கட்டுமான நிறுவனங்கள். 2008 டிசம்பர் 16 அன்று 160 கோடி டாலருக்கு அவற்றை வாங்கச் சத்யத்தின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டது. முதலீட்டாளர்கள் கொதித்ததில் சில மணிநேரத்திலேயே கைவிட்டார்கள். இல்லாத பணத்தைக் கொடுத்து, இருக்கிற நிலத்தை உள்ளே கொண்டுவந்து, பொய்ச் சொத்தின் இடத்தில் மெய்ச் சொத்தை வைப்பது திட்டம். ராஜுவே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

வங்கிக்குக் கேள்வி போகவில்லை

சத்யத்தின் ஆடிட்டர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் இந்த வழக்கில் சொன்னதைப் படித்தபோது எனக்குத் திருப்பூர்ப் பெரியவர் நினைவுக்கு வந்தார். வங்கி இருப்பை உறுதிசெய்யும் கடிதங்களை அனுப்புவதையும் பதிலை வாங்குவதையும் ஆடிட்டர்கள் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும், அங்கே ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் கட்டின.

இங்கே கதை நீண்டது. 2018 ஜனவரியில் செபி அந்த நிறுவனக் குழுமத்துக்கு இரண்டு வருஷம் பட்டியலிட்ட கம்பெனிகளை ஆடிட் செய்யத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை ரத்துசெய்து, வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னதை மட்டும் நிலைநிறுத்தியது. ஆடிட் எப்படிச் செய்யப்பட்டது என்று விசாரித்துத் தண்டிப்பது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களின் அமைப்பான சிஏ இன்ஸ்டிடியூட்டின் வேலை என்பது அதன் வாதம். இதற்கிடையே 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஏழு வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. அதில் ராமலிங்க ராஜுவும் அவர் சகோதரர்களும் இருந்தார்கள், நிதித் தலைவர் இருந்தார், உள்தணிக்கைத் தலைவர் இருந்தார், இரண்டு ஆடிட்டர்களும் இருந்தார்கள். மே மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்துவிட்டது.

ஆடிட்டர் ஏமாந்தாரா, உடந்தையா என்ற விவாதம் எங்கள் தொழிலில் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், வங்கிக்கு நேராக ஒரு கடிதம் போட்டிருந்தால் அந்த விவாதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மனோகரன் போன வேலை

கடிதம் வந்த இரண்டாம் நாளே, ஜனவரி 9 அன்று, மத்திய அரசு சத்யத்தின் இயக்குநர் குழுவைக் கலைத்தது. முதலில் தீபக் பரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் மூவரையும், சில நாளில் இன்னும் மூவரையும் நியமித்தது. பின்னவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் டி. என். மனோகரன், இன்ஸ்டிடியூட்டின் முன்னாள் தலைவர். சிஏ படித்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவரை வகுப்பாசிரியராகவும் தெரியும்.

அவர்கள் உள்ளே போனபோது நிலைமை விசித்திரமானது. லெட்ஜரில் ஐயாயிரம் கோடி, மாதக் கடைசியில் சம்பளம் போடப் பணம் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிடப் பெரிய அளவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர்களிடம் பேசி வசூல், வங்கிகளிடம் கடன், எது உண்மையான பாக்கி எது பொய் என்று பிரித்தெடுப்பது எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. கணக்கைத் திருத்தி எழுதும் வேலைக்கு கேபிஎம்ஜி, டெலாய்ட் என்ற ஆடிட் நிறுவனங்களை வைத்தார்கள்.

இதில் எனக்கு வியப்பானது ஏலம். 2009 ஏப்ரல் 13 அன்று டெக் மகிந்திராவின் துணை நிறுவனம் ஒரு பங்குக்கு 58 ரூபாய் கேட்டுச் சத்யத்தைப் பிடித்தது. கையில் நம்பத்தகுந்த பேலன்ஸ் ஷீட் கிடையாது. திருத்திய கணக்கு வெளிவந்ததே 2010 செப்டம்பர் கடைசியில். அதாவது ஒன்றரை வருஷம் கணக்கே இல்லாத ஒரு கம்பெனியை, ஆட்களையும் வாடிக்கையாளர்களையும் நம்பி வாங்கினார்கள். 2013 ஜூனில் அது டெக் மகிந்திராவோடு இணைந்தது.

கணக்காளர் என்றால் நடந்து முடிந்ததை எழுதிவைப்பவர் என்றுதான் ஊரில் நினைப்பு. கணக்குப்பிள்ளை என்ற சொல்லே அப்படித்தான். அந்த நூறு நாளில் மனோகரன் போன்றவர்கள் பார்த்தது வேறு வேலை. கம்பெனி நாளைக்கு உயிரோடு இருக்குமா என்று சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் எந்த எண்ணையும் நம்ப முடியாத நிலையில்.

சட்டம் வந்தது, மெதுவாக

2013இன் கம்பெனிகள் சட்டத்தில் சத்யத்தின் நிழல் நிறைய உண்டு. பட்டியலிட்ட கம்பெனியில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது. ஒரு கோடியும் அதற்கு மேலும் மோசடி என்று சந்தேகம் வந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்கே எழுத வேண்டும். ஆடிட்டர்களைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையம் ஒன்றும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அது உண்மையில் பிறந்தது 2018 அக்டோபரில். அதற்கு வைர வியாபாரி நீரவ் மோடியின் வங்கி மோசடி வெடிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் வேலி போட மாடு மேய்ந்து முடிக்க வேண்டும்.

என் அன்றாட வேலையை மாற்றியவை இந்தப் பெரிய பிரிவுகள் இல்லை. சின்னச் சின்ன விதிகள்தான்.

எடிட் லாக், அதாவது திருத்தங்களின் தடப் பதிவை எடுத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு மென்பொருளின் பழைய பதிப்பில் ஜூன் மாதப் பதிவை மார்ச்சில் திறந்து, தேதியை மாற்றி, தொகையை மாற்றி மூடிவிடலாம், தடமே இருக்காது. ‘அட்ஜஸ்ட் பண்ணிட்டேன் சார்’ என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்துவைக்கவும் முடியக் கூடாது. 2021இலேயே வரவேண்டிய விதி, இரண்டு முறை தள்ளிப்போனது. அந்தத் தடம் வருஷம் முழுக்க ஓடியதா, யாராவது அதில் கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். முதல் வருஷம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ தப்பாப் போட்டாத் திருத்தவே கூடாதுங்களா?” என்று பதறினார். திருத்தலாம், திருத்தினீர்கள் என்று தெரியும், அவ்வளவுதான் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இன்னொன்று. திருப்பூர், கோவைப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடன் கணக்குக்காக வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு இருப்புப் பட்டியல் ஒரு மாதிரி, புத்தகத்தில் இருக்கும் சரக்கு வேறு மாதிரி. ‘பேங்குக்குக் குடுக்கறது வேறங்க’ என்பது சகஜமான பேச்சு. 2020இன் ஆடிட் அறிக்கை உத்தரவுப்படி, ஐந்து கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் அனுமதியான கம்பெனிகளில், வங்கிக்குக் கொடுத்த பட்டியலும் புத்தகமும் பொருந்துகின்றனவா என்று ஆடிட்டர் எழுத வேண்டும். பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஒரு பத்திக்காக நாங்கள் இழந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்.

ஜிஎஸ்டியில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு வந்து, 2023 ஆகஸ்டில் ஐந்து கோடிவரை இறங்கிவிட்டது. அரசு தளத்தில் ஏற்றி எண் வாங்காத இன்வாய்ஸ் செல்லாது, ஏற்றுமதிக்கும் சேர்த்துத்தான். 7,561 பொய் இன்வாய்ஸ்களுக்கும் இன்றைக்கு அப்படி எண் வாங்க வேண்டியிருக்கும் என்று ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெயருக்கு ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு வரிச்சலுகை எடுப்பவர்கள் ஜிஎஸ்டியில் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண் சொல்வது, ஒருவர் இப்படி ஒரு விற்பனை நடந்ததாகப் பதிவு செய்திருக்கிறார் என்பதை மட்டும்தான். விற்பனை நடந்ததா என்று அதற்குத் தெரியாது.

வங்கி ஸ்டேட்மென்டை மென்பொருளே இழுத்துக்கொள்கிறது, கூட்டலை யாரும் சரிபார்ப்பதில்லை, ஆர்ட்டிகிள் பையன்கள் பச்சைப் பேனாவையே பார்த்ததில்லை. நாங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வவுச்சிங்கை இன்று ஒரு மத்தியானத்தில் எக்செலில் முடித்துவிடுகிறார்கள். மிச்சமான நேரத்தை எங்கே செலவிடுகிறார்கள் என்பதில்தான் ஓர் ஆபீசுக்கும் இன்னோர் ஆபீசுக்கும் வித்தியாசம்.

தொழில்நுட்பம் வளர்ந்த நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனியின் மின்னணுப் பணப்பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டு இருக்கிறது. 2020 ஜூனில் அதன் 190 கோடி யூரோ காணாமல் போனது. பிலிப்பைன்ஸில் இரண்டு வங்கிகளில் இருக்கிறது என்றார்கள். ஆவணங்கள் போலி, இவர்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்றன அந்த வங்கிகள். ஆடிட்டர் இஒய் கையெழுத்திட மறுத்த ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷங்களின் கணக்குகளில் அதே இஒய் கையெழுத்திட்டிருந்தது. சத்யம் நடந்து பதினொரு வருஷத்துக்குப் பின் அதே பொய், அதே இடத்தில், வங்கி இருப்பில்.

போன வருஷம் எங்கள் ஆபீஸ் ஆர்ட்டிகிள் பெண் ஒருத்தி ஒரு நூல் மில்லுக்குப் போனாள். வங்கிக் கடிதத்தை நீட்டியதும் அங்கே இருந்த அக்கவுண்டன்ட் கையை நீட்டினார். “குடும்மா, நானே வாங்கித் தர்றேன்.”

“இல்லீங்கண்ணா, பேங்க் மெயில்ல இருந்து நேரா எங்க ஆபீஸ் மெயிலுக்கு வந்துடட்டும்.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக்கூட வருத்தப்பட்டார், இத்தனை வருஷம் இல்லாத சந்தேகம் இப்போது எதற்கு என்று. வங்கியிலிருந்து பதில் வர மூன்று நினைவூட்டலும் பத்தொன்பது நாளும் ஆயின. இருப்பு பைசா சுத்தமாகப் பொருந்தியது. கடைசி வரியில், நாற்பது லட்ச ரூபாய் வைப்புத்தொகை வேறொரு நிறுவனத்தின் கடனுக்கு அடமானமாகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குறிப்பு இருந்தது. மில் கொடுத்த தாள்கள் எதிலும் அது இல்லை.

கேட்டோம். “அது எம்டியோட மச்சான் கம்பெனிக்குங்க. அதையெல்லாம் எதுக்குங்க எழுதிக்கிட்டு?” என்றார்.

கணக்கோடு சேர்க்கும் குறிப்புகளில், குறிப்பு 14இல் எழுதினோம்.